யான் எழுதிய குறிப்பேடு

கோயம்புத்தூரினின்று திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியிலே, திருப்பூருக்குத் தெற்கே உள்ளது எம்மூராகிய பல்லடம். ஆனி, ஆடித் திங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து வரும் காற்று எம்மூர்ப் புழுதியையெல்லாம் வாரி எங்கள் சோற்றுக் குண்டாவில் இட்டுச் செல்லும். அக்காற்று ஓயும் வேளையில் காதில் விழுவது விசைத்தறியின் ஓசை. எந்தையாருக்கு நான்கு தறிகள் உண்டு. பாவும் ஊடையும் வணிகர் தருவர். நெய்து கொடுத்துக் கூலி பெறுவது எம் குடும்பத் தொழில். தறி ஓடும் வீட்டில் உரக்கப் பேசியே பழகிய யான், பத்தாம் வகுப்புத் தேறியபின் பெண்கள் பள்ளியொன்றின் விடுதியில் சேர்க்கப்பட்ட அன்று, அவ்விடத்து அமைதியைக் கண்டு அஞ்சினேன் என்றால் அன்பர்கள் நகைப்பார்கள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தறி நின்றால் விழித்துக்கொள்வது நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளின் இயல்பு.

அவ்விடுதியில் நூற்றிருபதின்மர் இருந்தோம். ஐந்து மணிக்கு மணி அடிக்கும். எழுந்து பாயைச் சுருட்டித் தகரப் பெட்டியின்மேல் வைத்துவிட்டுக் குடத்துடன் ஓடவேண்டும். மேனிலைப் பெண்கள் என்றும் சிறுமிகள் என்றும் வேறுபாடின்றி எங்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, அவற்றிற்கு நொய்யல், பவானி, அமராவதி, ஆழியாறு என்று பெயரிட்டிருந்தார்கள். நான்கு ஆறுகளின் பெயரைத் தாங்கிய நாங்கள் நூற்றிருபதின்மரும் ஒரே குழாயடியில் நின்று சண்டையிடுவதைக் கண்டு, பெயரிட்ட அம்மையார் என்ன நினைத்திருப்பாரோ அறியேன். எங்கள் பக்கத்திலே குடிப்பதற்குரிய நல்ல தண்ணீர் வேறு, குளிப்பதற்குரிய உப்புத் தண்ணீர் வேறு. உப்புத் தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் வரும். நல்ல தண்ணீரோ சில நாளுக்கு ஒருமுறை, அதுவும் எந்த நேரத்தில் என்பதறியாதபடி வரும். அது வந்துவிட்டால் பாடவேளையாயினும் தொழுகைவேளையாயினும் எங்கள் மனம் குழாயடியிலேதான்.

அரிசி பொறுக்குவது ஒரு குழுவின் முறை. முற்றம் பெருக்குவது மற்றொரு குழுவின் முறை. எச்சில் தட்டுகளைக் கழுவுமிடத்தைத் துப்புரவாக்குவது யாவரும் வெறுத்த முறை. ஞாயிறுதோறும் முறை மாறும். மாலை வழிபாட்டிற்குப்பின் ஒரு மணி நேரம் படிப்பு. ஒன்பதரைக்கு விளக்கணையும். இவையெல்லாம் எந்த விடுதியிலும் உள்ளனவே, விரித்தெழுத வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். வீட்டிலே ஒரு குடத்துத் தண்ணீர் யாருடையது என்று யான் எண்ணிப் பார்த்ததில்லை. நூற்றிருபதின்மருக்கு நடுவில் வாழத் தொடங்கியபின்னரே, ஒரு பெண் ஒரு செம்பு நீர் மிகுதியாக எடுத்தால் மற்றொரு பெண் ஒரு செம்பு குறைவாகப் பெறுகிறாள் என்ற கணக்கு எனக்கு விளங்கியது.

நிற்க. 2022-ஆம் ஆண்டு யான் பதினோராம் வகுப்பில் சேர்ந்தபோது விடுதித் தலைவியைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. பன்னிரண்டாம் வகுப்பினர் அரசுத் தேர்வுக்குப் படிப்பவராதலின் அப்பொறுப்பு எங்கள் வகுப்பினருக்கே வரும். அதற்கு முன்னெல்லாம் விடுதிக் காப்பாளர் அம்மையாரே ஒருத்தியைச் சுட்டிவிடுவாராம். எங்கள் ஆண்டில் வாக்கெடுப்பு நடத்தலாமென்று இசைந்தார். துண்டுத் தாள்களில் பெயரெழுதிச் சமையலறையின் பெரிய அண்டாவிலே இட்டோம். போட்டியிட்டவர் இருவர். ஒருத்தி யான். மற்றவள் வணிகவியற் பிரிவில் படித்த ஒரு பெண். அவள் பெயரை இங்கு எழுத எனக்கு உரிமையில்லை. தோழி என்றே குறிப்பேன். அப்பெயருக்கு யான் தகுதியுடையேனா என்பது வேறு செய்தி.

யான் மேடையேறிப் பேசினேன். ஒழுங்கு என்றேன், கடமை என்றேன், நேரந்தவறாமை என்றேன். பேச்சுப் போட்டிகளில் பரிசு பெற்ற நா அன்றோ? தோழி மேடையில் நின்று, "எனக்குப் பேச வராதுங்க, தண்ணி வந்தா எல்லாருக்கும் கெடைக்கற மாதிரி பாத்துக்கறேனுங்க" என்று சொல்லி இறங்கிவிட்டாள். சிறுமிகள் கைகொட்டினர். வாக்குகளை எண்ணியபோது ஏழு வாக்கு மிகுதியாகப் பெற்று யான் தலைவியானேன். அந்த ஏழு என்னும் எண் நெடுநாள் என்னை உறுத்தியது. எழுபதாக இருந்திருப்பின் யான் நல்லவளாக இருந்திருப்பேன் என்று சில வேளைகளில் தோன்றும்.

தலைவியான முதல் திங்களிலேயே ஒரு குறிப்பேடு தொடங்கினேன். இதனை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. முழுதும் என் எண்ணமே. நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் நாள், பெயர், குற்றம் என மூன்று பத்திகள் கோடிட்டேன். மணியடித்தபின் எழாதவள், தட்டில் சோற்றை மிச்சம் வைத்தவள், படிப்பு வேளையில் பேசியவள், முறைக்கு வராதவள் என அனைவரும் அதில் இடம்பெற்றனர். சனிக்கிழமைதோறும் அதனைக் காப்பாளர் அம்மையாரிடம் கொடுப்பேன். அவர் படித்துக் கையெழுத்திடுவார். விடுதி ஒழுங்குபட்டது என்று ஆசிரியைகள் பாராட்டினர். யான் வந்தால் பேச்சு அடங்கியது. அதனை மதிப்பு என்று கருதினேன்.

அதே காலத்தில் குழாயடியிலே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நல்ல தண்ணீர் வந்ததும் தோழி முதலில் ஓடிப்போய்க் குழாயருகில் நிற்பாள். ஆனால் தன் குடத்தை வைக்கமாட்டாள். ஆறாம் வகுப்புச் சிறுமிகளின் குடங்களை முன்னே வைப்பாள். காய்ச்சலாய்ப் படுத்திருப்பவளின் குடத்தை அடுத்து வைப்பாள். பிறகு நொய்யல், பவானி என்று குழுவுக்கு இத்தனை என எண்ணி விடுவாள். தண்ணீர் நின்றுவிட்டால் எந்தக் குடத்தோடு நின்றதோ அந்தக் குடத்திலிருந்தே அடுத்த முறை தொடங்கும். இதற்கு ஏடுமில்லை, எழுத்துமில்லை. சண்டை நின்றுவிட்டது. விடுதித் தலைவியாகிய யானும் அந்த வரிசையில் என் குடத்தோடு நின்றேன். என் ஆட்சியின் பயனாகவே சண்டை நின்றதென்று அப்பொழுது நினைத்தேன் என்பதை வெட்கத்துடன் எழுதுகிறேன்.

தைத் திங்களில், பொங்கல் விடுமுறை கழிந்து திரும்பிய சில நாட்களுக்குப்பின், ஓரிரவு பத்து மணிக்குச் சமையலறையில் வெளிச்சங் கண்டு சென்று பார்த்தேன். தோழி அடுப்புத் திண்ணையருகில் அமர்ந்து, சமையற்கார அக்காளின் கைபேசியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். விடுதியிலே கைபேசிக்கு இடமில்லை. விளக்கணைந்தபின் கூடத்தை விட்டு நீங்கவும் இடமில்லை. என்னைக் கண்டதும் அவள் எழுந்து நின்று, கையால் சற்றுப் பொறு என்று காட்டினாள். யான் பொறுக்கவில்லை. திரும்பிவந்து விளக்கொளியில் குறிப்பேட்டை விரித்து எழுதினேன்: "இரவு 10 மணி. அனுமதியின்றிச் சமையலறையில் கைபேசியில் பேசினாள்." எழுதியதில் ஒரு சொல்லும் பொய்யன்று.

சனிக்கிழமை ஏடு சென்றது. திங்கட்கிழமை அவள் தந்தையாருக்கு ஆள் போயிற்று. அவர் சேவூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் பண்ணையத்துக்கு இருந்தவர். வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக வந்து, அலுவலறை வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே என்ன பேசினரோ அறியேன். வெளியே வந்தவர் மகளைப் பார்த்து, "பொட்டியெடு அம்மிணி" என்றார், அவ்வளவே. அவள் பாயைச் சுருட்டும்போது ஆறாம் வகுப்புச் சிறுமிகள் சுற்றி நின்றனர். யான் கூடத்தின் மறு கோடியில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றேன். எப்புத்தகம் என்பது இன்று நினைவில்லை.

ஒரு கிழமை சென்றபின் சமையற்கார அக்காள் என்னிடம் சொன்னார். அவள் அன்றிரவு தன் தாயாரிடம் பேசிக்கொண்டிருந்தாளாம். தரகர் ஒருவர் வீட்டுக்கு வந்து, பெண்ணை நூற்பாலைக்கு அனுப்பினால் மூன்றாண்டு முடிவில் கலியாணச் செலவுக்குப் பெருந்தொகை கிடைக்கும் என்று கூறி, முன்பணமாக ஒரு தொகையும் நீட்டியிருந்தாராம். அப்பணத்தை வாங்கவேண்டா என்று தாயாரிடம் அவள் மன்றாடிக்கொண்டிருந்த வேளையிலேதான் யான் சென்றேன். தந்தையார் அதுவரை இரு மனத்தராய் இருந்தார். மகள் பள்ளியில் இரவில் திருட்டுத்தனமாய்க் கைபேசியில் பேசுகிறாள் என்று கேட்டபின் அவருக்கு ஒரு மனமாயிற்று.

எம் பக்கத்தாருக்கு இத்திட்டம் புதிதன்று. சுமங்கலித் திட்டம் என்று மங்கலமான பெயரிட்டு, கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் பல, மணமாகாத இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதியிலேயே தங்கவைத்து வேலை வாங்கின. முடிவில் முப்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் ரூபாய் வரை மொத்தமாகத் தருவதாகச் சொல்வர். இடையில் நோயுற்று நீங்கினவர்களுக்கு அத்தொகை கிடையாது போனதும் உண்டு. அது மறைத்து வைத்த கூலியன்றி வேறில்லை என்று பலர் எடுத்துக்காட்டியபின் அப்பெயர் சுவரொட்டிகளிலிருந்து மறைந்தது. பெயர் மறைந்த அளவுக்குப் பொருள் மறையவில்லை.

இக்கல்லூரிக்கு வந்து தமிழ் பயிலத் தொடங்கியபின் இருவேறு இடங்களில் இந்நிகழ்ச்சி என்னை எதிர்கொண்டது. முதலாவது, தொல்காப்பியக் களவியல் பாடம். அகத்திணையிலே தலைவிக்காகப் பேசுகின்றவள் தோழி. தலைவி மறைத்த செய்தியைத் தோழி செவிலிக்கு வெளிப்படுத்துவதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். மறைவை வெளிப்படுத்துவதும் அறமாகும்; ஆனால் வெளிப்படுத்துகிறவள் உள்ளே நடப்பதனைத்தையும் அறிந்தவளாய், அவளுக்கு நன்மை வரும் காலமும் இடமும் பார்த்துச் சொல்லுகிறாள். ஆசிரியர் இதனை விளக்கிக்கொண்டிருந்தபோது யான் குனிந்த தலை நிமிரவில்லை. குறிப்பு எடுக்கிறேன் என்று அவர் எண்ணியிருப்பார்.

இரண்டாவது, நூலகத்திலுள்ள வின்சுலோ அகராதி. 1862-இல் சென்னையில் வெளிவந்த அப்பெருந் தமிழ்-ஆங்கில அகராதியைத் தொகுத்த மிரன் வின்சுலோ என்பாரைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். அவர் மனைவியார் ஆரியட் வின்சுலோவை அறிந்தவர் சிலரே. அவ்வம்மையார் 1824-இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்களுக்கென்று ஓர் உறைவிடப் பள்ளி தொடங்கினார். அது இன்றும் உடுவில் மகளிர் கல்லூரி என்ற பெயரில் நடைபெற்று, இருநூறாண்டு கடந்து நிற்கிறது. அதன் தோற்றத்தைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தியொன்று உண்டு. ஒரு மாலை பெருமழையில் அக்காளும் தங்கையுமாகிய இரு சிறுமியர் அம்மையார் வீட்டில் அகப்பட்டுக்கொண்டனராம். பசித்தழுத பிள்ளைகளுக்கு அவர் உணவு கொடுக்க, தங்கை உண்டாள். சாதிக் கட்டுப்பாட்டை அறிந்த அக்காள் உண்ணவில்லை. மழை விட்டபின் வந்த தந்தை, இளையவள் உண்டதறிந்து சினந்தார். பின்பு அச்சிறுமியையே அம்மையார் வளர்த்துக் கற்பிக்க விடுத்தாராம். இதைப் படிப்போர் யாவரும் உண்ட தங்கையைப் பற்றியே பேசுவர். எனக்கோ பசியோடு மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த அக்காளின் முகமே தோன்றுகிறது. விதியைக் காத்தவள் அவள். மறுநாள் அவள் எழுத்துக் கற்கவில்லை.

ஆரியட் அம்மையார் 1833-இல் காலமானார். 1840-இல் அமெரிக்காவினின்று வந்த எலிசா அக்னியூ என்னும் அம்மையார் 1879 வரை அப்பள்ளியை நடத்தினார். மணஞ்செய்துகொள்ளாத அவரை ஆயிரம் பெண்களின் தாய் என்று வழங்கினர். இடையில் ஒருமுறையும் தாய்நாடு திரும்பாமல் 1883-இல் யாழ்ப்பாணத்திலேயே மறைந்தார். விடுமுறைகளில் அவர் ஊர் ஊராய்ச் சென்று, படித்துப் போன பெண்களை அவரவர் இல்லங்களிற் கண்டு வருவாராம். இதனைப் படித்தபோதுதான், பல்லடத்திலிருந்து சேவூருக்கு எத்தனை மணி நேரப் பயணம் என்பதை யான் ஒருநாளும் எண்ணிப் பாராதது நினைவுக்கு வந்தது. சென்னையிலே 1911-இல் பட்டம் பெற்றுத் தம்மைப் போன்ற இளங்கைம்பெண்களுக்கு இல்லம் நடத்திய சகோதரி சுப்பலட்சுமி அம்மையாரும் அப்பெண்களோடு உடன் வாழ்ந்தவரே. இவர்கள் யாரும் கூடத்தின் மறு கோடியில் நின்றவரல்லர்.

உடுவில் வரலாற்றில் மற்றொன்றும் என் கண்ணிற் பட்டது. பெண்களைப் படிப்பு முடியுமுன் பெற்றோர் அழைத்துச் சென்றுவிடாமலிருக்க, இறுதிவரை தங்குபவளுக்கு மணக்காலத்திலே சீதனம் தருவதாக அம்மிஷன் தொடக்கக் காலத்தில் உறுதி கூறியதாம். விடுதியில் இரு, மணத்தின்போது பணம் தருகிறோம் என்னும் அதே சொல்லை இருநூறாண்டுக்குப்பின் எம் பக்கத்து ஆலைகள் சொல்லின. ஓரிடத்தில் அது பெண்ணைப் புத்தகத்தோடு பிணைத்தது. மற்றோரிடத்தில் நூற்புப் பொறியோடு பிணைத்தது. பெற்றோரது அச்சம் மட்டும் இரண்டிடத்தும் ஒன்றே. அவ்வச்சத்தை எண்ணாமல் சேவூர்த் தந்தையை மட்டும் குறை கூற என்னால் இயலவில்லை.

நம் மாநில அரசும் இதனை எண்ணிப் பார்த்ததென்றே தோன்றுகிறது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-இல் தொடங்கிய உதவி, ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உரியதாயிருந்தது. 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் முதல் அது திருமணத்துக்கன்றி உயர்கல்விக்கென்று மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்ணுக்குத் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் என்றாயிற்று. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோருக்கு அது நீட்டிக்கப்பட்டது 2024 டிசம்பர் இறுதியில். எங்கள் பள்ளி உதவிபெறும் பள்ளி. எனவே அத்தொகை எனக்குக் கிடைத்தது. தோழி பள்ளியை விட்டது 2023 தைத் திங்களில். முதல் ஆயிரம் என் கணக்கில் வந்தபோது அதை எடுக்காமல் சில நாள் வைத்திருந்தேன். பிறகு விடுதிக் கட்டணத்துக்கு எடுத்தேன், வேறு வழியில்லை.

சென்ற 2025 மே விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லடம் பேருந்து நிலையத்தில் அவளைக் கண்டேன். ஆலை வண்டியொன்று பதினைந்து இருபது பெண்களை இறக்கிவிட்டிருந்தது. திங்களுக்கு ஒருமுறை கடைக்குப் போய்வர விடுவார்களாம். உடன் ஒரு மேற்பார்வை அம்மாளும் வந்திருந்தார். அவள்தான் முதலில் என்னைக் கண்டு கூப்பிட்டாள். மெலிந்திருந்தாள், தலைமயிரில் பஞ்சுத் தூசி ஒன்றிரண்டு ஒட்டியிருந்தது. இருவரும் கடையோரத்தில் நின்று தேநீர் குடித்தோம். மூன்று முறையாக வேலை என்றாள். இரவு முறையில் கண் சொருகும் என்றாள். ஆலை விடுதியிலும் நல்ல தண்ணீர் முறைவைத்தே வருகிறதாம். "அங்கயும் நாந்தான் கொடத்த எண்ணி விடறேன்" என்று சொல்லிச் சிரித்தாள்.

பேருந்துகளின் இரைச்சலுக்கிடையே, யான்தான் எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். நெசவாளர் வீட்டுப் பெண்ணாகையால் உரக்கவே சொல்லியிருப்பேன் போலும். அருகில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

"தெரியும் புள்ளை. உன்ற நோட்டத்தான் எங்கய்யனுக்குப் படிச்சுக் காட்டுனாங்க" என்றாள் அவள். சற்றுப் பொறுத்து, "கையெழுத்து நல்லா இருந்துச்சுன்னு எங்கய்யன் சொன்னாரு" என்றாள்.

இதனை அவள் வருத்தத்தோடு சொன்னாளா, விளையாட்டாகச் சொன்னாளா என்பதை இன்றுவரை என்னால் துணிய முடியவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை யான் வாயெடுக்குமுன் அவள் வேறு செய்திக்குப் போய்விட்டாள். 2026-இல் மூன்றாண்டு முடிகிறதாம். அதன்பின் பதினோராம் வகுப்புத் தொட்டு மீண்டும் படிக்கவேண்டுமென்று எண்ணியிருக்கிறாள். பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் தாயாரிடம் பத்திரமாகக் கொடுத்து வைத்திருக்கிறாள். "உன்ற பழைய புஸ்தகம் இருந்தாக் குடு" என்றாள். வண்டிக்காரர் ஒலி எழுப்பினார். அவள் ஏறுமுன் சிறுபெண்கள் இருவரை முதலில் ஏற்றிவிட்டுப் பின்பு தான் ஏறினாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். தமிழும் ஆங்கிலமும் அகப்பட்டன. குறிப்பேடும் அதனடியில் இருந்தது. பள்ளியை விட்டபோது காப்பாளர் அம்மையார் நினைவாக வைத்துக்கொள் என்று என்னிடமே கொடுத்துவிட்டார். அதில் எழுதாத தாள் பாதிக்குமேல் இருக்கிறது. பாடக் குறிப்பெழுத உதவுமென்று எழுதிய தாள்களை மட்டும் கிழித்துவிட்டு மீதியைப் புத்தகங்களோடு சேர்த்துக் கட்டினேன். அவள் தாயாரைத் தேடிச் சேவூருக்கு ஒருநாள் போய்க் கொடுத்துவந்தேன். திருப்பூரில் இறங்கி அவிநாசி வழியாகப் போகவேண்டும். பயணம் ஒன்றும் பெரிதன்று. அவள் தந்தையார் அன்று தோட்டத்தில் இருந்தார். யான் யாரென்று தாயார் அவருக்குச் சொன்னாரோ இல்லையோ, இளநீர் ஒன்று வெட்டிக் கொடுத்தார்.

ஆவணித் திங்களில் தாயார் வழியாக ஒரு செய்தி வந்தது. புத்தகம் கிடைத்தது, கணக்குப்பதிவியல் மட்டும் இல்லை என்பதே அச்செய்தி. யான் கலைப் பிரிவில் படித்தவளாதலின் அந்நூல் என்னிடம் இருந்ததில்லை. கைபேசியிலேயே படிக்கலாமே என்று அன்பர்கள் கேட்கலாம். ஆலை விடுதியில் கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சிறிது நேரமே தருவர். ஆதலின் இதழாசிரியர் இசைவுடன் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியில் வணிகவியல் பயிலும் மாணவ மாணவியருள் எவரிடமேனும் பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் நூல், தமிழ்வழிப் பதிப்பு, இருக்குமாயின் மகளிர் விடுதி அலுவலறையில் தமிழ் வகுப்பு மாணவிக்கு என்று குறித்துக் கொடுத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அட்டை கிழிந்திருந்தாலும் குறையில்லை.